ரிச்லண்ட் கவுண்டியில் 40 ஏக்கர்: மான் வந்து தங்க நிலத்தை எப்படிச் சரிசெய்வது?

கரிசல்காட்டான் | பிப்ரவரி 11

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்க மட்டும் செஞ்சவன். இப்போ உங்க யோசனை வேணும்.

போன அக்டோபர்ல அமெரிக்காவுல, விஸ்கான்சின் மாநிலம் ரிச்லண்ட் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 40 ஏக்கர் வாங்கினேன். மேட்டு முகட்டுல 9 ஏக்கர் பழைய புல் வயல். அதுக்குக் கீழே தெற்குப் பார்த்த சரிவுல 26 ஏக்கர் காடு. அடியில ஓடை. காட்டுல வெள்ளை ஓக், சிவப்பு ஓக், ஹிக்கரி இருக்கு, ஆனா எங்க பார்த்தாலும் மேப்பிள்தான். மேற்கேயும் வடக்கேயும் மாட்டுப்பண்ணைக்காரர் சோளமும் சோயாவும் போடுறார். கிழக்கே, அதே சரிவுல, வயசான ஒருத்தரோட காடு.

மான் வேட்டைக்குன்னு வில் எடுத்து மூணு வருஷம் ஆச்சு. விசாவுல இருந்த காலத்துல துப்பாக்கிக்கு மத்திய அரசு விதிகள் நிறைய. வில்லுக்கு அது கிடையாது. அப்படித்தான் ஆரம்பிச்சேன், பிறகு மனசு அதுலயே தங்கிருச்சு. பொது நிலத்துல ரெண்டு சீசன் உட்கார்ந்தேன். ஒரு அம்பும் விடல.

என் திட்டம் இது: முகட்டு வயல் நடுவுல 5 ஏக்கர் மக்காச்சோளம், வயலும் காடும் சேருற இடத்துல மறைஞ்சு உட்கார ஒரு பெட்டிப் பரண், ரெண்டு இடத்துல உப்புக்கட்டி, காட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் வண்டிப் பாதை, மான் போற தடத்துல தானா படம் எடுக்குற எட்டு டிரெயில் கேமரா. இது போதுமா?

எங்க ஊர் வல்லநாடு பக்கம். வெளிமான் பயிரை மேயாம இருக்க ராத்திரி பூரா காவல் கிடந்தவர் எங்க அப்பா. மான் வரணும்னு விதைக்கப் போறேன்னு போன்ல சொன்னேன். திரும்பத் திரும்ப "எதுக்குடா?"ன்னு கேட்டார். அவருக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியல.

முகட்டுவீடு | பிப்ரவரி 11

தம்பி, நிலம் வாங்கினதுக்கு வாழ்த்துங்க. நான் இந்தப் பக்கம் 19 வருசமா இருக்கேன், அடுத்த கவுண்டியில. உங்க திட்டத்துல ஒவ்வொண்ணா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

உப்புக்கட்டியை வாங்கியிருந்தா கடையில திருப்பிக் குடுத்துருங்க. ரிச்லண்ட்ல மானுக்கு இரை வைக்கக் கூடாது, தாது உப்பும் அதுல சேர்த்தி. காரணம் சி.டபிள்யூ.டி.ன்னு மானை மெலிய வெச்சுக் கொல்ற தொத்து நோய். நிலத்துல விதைச்சு வளர்ற பயிர் பரவால்லைங்க. கொண்டாந்து கொட்டறது, கட்டி வைக்கறதுதான் தப்பு.

அடுத்தது மக்காச்சோளம். மேற்கேயும் வடக்கேயும் உங்க பக்கத்துக்காரர் எத்தனை ஏக்கர் போட்டிருப்பார்? நூறா, இருநூறா? அதுக்குப் பக்கத்துல உங்க 5 ஏக்கரை மான் எதுக்குத் தேடி வரணும்? விதை, உரம், டிராக்டர் வாடகைன்னு செலவு பண்ணி, அங்க ஏற்கெனவே கொட்டிக் கிடக்கறதையே நீங்களும் வைக்கறீங்க. அங்க இல்லாததைக் குடுக்கணும். இல்லாதது ரெண்டு. ஒண்ணு, அறுவடை முடிஞ்ச பிறகு, நவம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் பசுமையான தீனி. ரெண்டாவது, பகல்ல யாரும் தொந்தரவு பண்ணாம படுக்க ஒரு இடம். இந்த ரெண்டாவதை விலை குடுத்து வாங்க முடியாதுங்க. நீங்க உள்ள போகாம இருந்தாத்தான் கிடைக்கும்.

வெள்ளைவால் மான் பகல்ல பெரும்பகுதி படுத்து அசைபோட்டுக்கிட்டுத்தான் இருக்கும். அது சுத்தற பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். உங்க 40 அதுல பதினாறுல ஒரு பங்கு. "என் மான்"னு ஒண்ணு கிடையாது. ஒரு வயசு தாண்டின கலைமான், அதாவது ஆண் மான், பிறந்த இடத்தை விட்டுப் பல மைல் போயிரும். நீங்க அஞ்சு வருசம் பாத்துப் பாத்து வளர்த்தாலும் அதுபாட்டுக்குப் போகும். ஆனா வெளிச்சத்துல அது எங்க படுக்குதோ, அந்த நிலத்துக்காரருக்குத்தான் சாயங்காலம் அதைப் பார்க்கற வாய்ப்பு. அதனால காட்டுக்குள்ள வண்டிப் பாதை வேண்டாம். 26 ஏக்கர்ல 15 ஏக்கரைக் கயிறு கட்டாத குறையா ஒதுக்குங்க. செப்டம்பர் நடுவுல சீசன் திறந்ததுல இருந்து ஜனவரியில முடியற வரைக்கும் அடிபட்ட மானைத் தேடறதுக்குத் தவிர உள்ள கால் வைக்காதீங்க. கேமராவுக்குச் சிப் மாத்தவும் போகாதீங்க.

பெட்டிப் பரண் இடமும் தப்புங்க. முகட்டுல வயல், கீழ சரிவுல காடுன்னா மான் சரிவோட மேல் பாதியிலதான் படுக்கும். பொழுது சாயும்போது காத்து குளிர்ந்து சரிவுல இறங்கும். நீங்க வயலோரத்துல உட்கார்ந்தா உங்க வாசனை நேரா அதுங்க மூக்குக்குப் போய்ச் சேரும். ரெண்டே சாயங்காலம் போதும், அப்புறம் இருட்டினாத்தான் வெளிய வரும்.

இப்ப செய்ய வேண்டியது ஒண்ணுதான். பனி கிடக்கும்போதே நிலம் முழுக்க நடங்க. குளம்படி, புழுக்கை, படுத்த பள்ளம், மரத்துல கொம்பு உரசின இடம், எல்லாத்தையும் காகிதத்துல வரைங்க. உருகிட்டா பாதிக்குப் பாதி தெரியாது.

நாண் | பிப்ரவரி 12

அண்ணன் சொன்னதே முதல் வேலை. வில் விஷயம் பிறகு பேசலாம். தம்பி, உங்க வில்லோட இழுவை எடை எத்தனை பவுண்டு, அம்பு எடை எத்தனை கிரெயின்னு மட்டும் குறிச்சுப் போடுங்க.

கரிசல்காட்டான் | மார்ச் 3

அண்ணே, ரெண்டு சனிக்கிழமை நடந்தேன். நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு.

சரிவுல மேலேர்ந்து மூணுல ஒரு பங்கு இறங்கின இடத்துல ஏழு படுக்கை. பனி உருகி, அடியில இலை தெரியுற அளவுக்குப் பள்ளம். எல்லாமே ஒரு மரத்தையோ விழுந்த கட்டையையோ முதுகுக்கு வச்சுக் கீழே பாத்த மாதிரி. ஒரு படுக்கையில நானே உட்கார்ந்து பாத்தேன். ஓடை முழுக்கத் தெரியுது, பின்னால முகட்டுலேர்ந்து காத்து வருது. முன்னால கண்ணு, பின்னால மூக்கு. எதுவும் நெருங்க முடியாத இடம்.

கிழக்கு எல்லைக்கு அறுபது கெஜம் உள்ளே ஓடையிலேர்ந்து முகட்டுக்கு ஏறுற ஒரு பள்ளம் இருக்கு. படுக்கையிலேர்ந்து கிளம்புற தடம் அந்தப் பள்ளத்தோட தலையைச் சுத்தி வயலுக்குப் போகுது. பக்கத்துல பன்னிரண்டு மரத்துல உரசல். உதிர்ந்த கொம்பு ஒண்ணும் கிடைச்சது, ஒரு பக்கத்துக்கு நாலு முனை.

மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்தேன். pH 5.7, அமிலம் கொஞ்சம் அதிகம். வில் 52 பவுண்டு, அம்பு 430 கிரெயின்.

வித்துநிலா | மார்ச் 4

காடு பராமரிப்புதான் என் படிப்பும் தொழிலும். அதனால் மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தம்பி.

உங்கள் காட்டில் மேப்பிள் ஏன் அப்படி நிறைந்திருக்கிறது? ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும், மேப்பிள் நிழலிலும் வளரும். தீ வராமல், மரம் வெட்டாமல் அறுபது எழுபது வருடம் விட்டால் மேப்பிள் மூடிக்கொள்ளும். மூடிய காட்டில் தரையில் ஒன்றும் இருக்காது. மானின் வாய்க்கு எட்டும் உயரம் நான்கைந்து அடி. அந்த உயரத்தில் தழை இல்லாத காடு மானுக்குத் தூண் வைத்த மண்டபம் மாதிரிதான்.

வெளிச்சத்தை இறக்குங்கள். நல்ல வெள்ளை ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தலையை நெருக்கும் மேப்பிள்களை வெட்டுங்கள். ஓக் தலை விரிந்தால் காய் பெருகும். வெள்ளை ஓக் காய் ஒரே வருடத்தில் முற்றும், துவர்ப்பும் குறைவு. அதனால் மான் முதலில் அதைத்தான் தேடும். சிவப்பு ஓக் காய் முற்ற இரண்டு வருடம், துவர்ப்பும் அதிகம். குளிர்காலத்தில் மிச்சம் கிடப்பது அதுதான். இரண்டும் வேண்டும்.

வெட்டுவதை இந்த மாதத்துக்குள் முடியுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் கத்தி படக்கூடாது. புதுக் காயத்தின் சாற்றுக்கு வரும் வண்டு வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். சிவப்பு ஓக் ஒரே கோடையில் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் தாவும்.

பக்தார்ன் என்ற களைப்புதர் இருக்கிறதா என்று பாருங்கள். இலையுதிர் காலத்தில் எல்லாம் உதிர்ந்த பிறகும் பச்சையாக நிற்பதுதான் அடையாளம். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையில் மருந்து பூசாவிட்டால் பத்தாகத் துளிர்க்கும்.

இன்னொன்று. 20 ஏக்கருக்கு மேல் காடு இருப்பதால் மாநிலத்தின் நிர்வகிக்கப்பட்ட காட்டுச் சட்டத்தில் சேர்வதைப் பற்றி விசாரியுங்கள். 25 அல்லது 50 வருட ஒப்பந்தம். திட்டப்படி காட்டைப் பராமரித்தால் நிலவரி கணிசமாகக் குறையும்.

முகட்டுவீடு | மார்ச் 4

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். படுக்கைக்குப் பக்கத்துல மேப்பிளையும் பாக்ஸ் எல்டரையும் ஹிஞ்ச் கட் பண்ணுங்க. இடுப்பு உயரத்துல முக்கால்வாசி அறுத்து, மீதிப் பட்டையோட சாய்ச்சு விடறது. மரம் சாகாது, படுத்தபடியே துளிர்க்கும். தீனியும் ஆச்சு, மறைவும் ஆச்சு.

வித்துநிலா | மார்ச் 5

அண்ணா, இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். கால் ஏக்கர் அளவில், அங்கங்கே, கை கனமுள்ள மரத்தில் செய்தால் சரி. ஆர்வத்தில் நாலைந்து ஏக்கரை இப்படிச் சாய்த்துவிட்டு, பத்து வருடம் கழித்து உள்ளே நுழையவும் முடியாமல், விற்க ஒரு மரமும் இல்லாமல் நிற்பவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். பெரிய மரத்தில் செய்தால் அறுக்கும்போதே தண்டு நெடுக்காகப் பிளந்து மேலே எகிறும். உயிர் போகும் வேலை. தம்பி முதல் முறை சங்கிலி ரம்பம் பிடிக்கிறார் என்றால் தனியாகச் செய்யவே வேண்டாம். தலைக்கவசம், காலுக்குக் காப்புடை, கூட ஓர் ஆள், இவை இல்லாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள்.

முகட்டுவீடு | மார்ச் 5

நியாயம்ங்க அக்கா. கால் ஏக்கராவே இருக்கட்டும். ஏழு படுக்கைக்கு மேற்கால ரெண்டு இடம் போதும்.

வயலுக்கு: நாலு ஏக்கர் போதும் தம்பி, அதுவும் வளைஞ்சு நெளிஞ்சு. மண்ணுக்குச் சுண்ணாம்பு போடாம ஒரு விதையும் வாங்காதீங்க. 5.7-ல குளோவர் (மான் மேயற தீவனச் செடி) பேருக்கு முளைக்கும், தேறாது. 6.5 கிட்ட கொண்டு வரணும். சுண்ணாம்பு வேலை செய்யப் பல மாசம் ஆகும், அதனால இப்பவே. ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகற இந்த மார்ச்ல வெள்ளைக் குளோவர் விதையைக் கையால தூவுங்க, ஏக்கருக்கு ஆறேழு பவுண்டு. நிலம் வெடிச்சு மூடறப்ப விதை தானா உள்ள போயிரும். மீதி ரெண்டு ஏக்கர்ல ஆகஸ்ட் கடைசியில ரை தானியம், ஏக்கருக்கு நூறு பவுண்டு. கடையில "ரை"ன்னு கேட்டா சில பேர் ரைகிராஸ் எடுத்துக் குடுத்துருவாங்க. அது வேற புல். அதைப் போட்டா வயலை விட்டு எடுக்கவே முடியாது. பை மேல பேரைப் படிச்சு வாங்குங்க. ரை தானியம் பனிக்கு அடியிலயும் பச்சையா இருக்கும், மார்ச்ல முதல்ல துளிர்க்கறதும் அதுதான்.

வன்னியான் | மார்ச் 9

தம்பி, நான் ஒன்ராறியோவில இருந்து எழுதுறன். இஞ்சை எங்கட பக்கமும் வில் வேட்டை இருக்கு. ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. கிழக்குப் பக்கத்துக் காணிக்காரரோட போய்க் கதையுங்கோ. இப்பவே போங்கோ, மான் விழுந்த பிறகு இல்லை. அம்பு பட்ட மான் வேலி பாத்து நிக்காது. இரவில ஒரு அந்நியன் ரோச் லைட்டோட காணிக்குள்ள வந்தால் ஆருக்கும் பயம் வரும். நான் முதல் வருசம் கதைக்காமல் விட்டு, மான் அங்கால விழுந்து, அனுமதி கேட்டு விடியும்வரை காத்து நிண்டனான். அதுக்குள்ள நரி வந்திட்டுது. ஒரு உயிரை எடுத்து வீணாக்கின அந்த இரவை நான் இண்டைக்கும் மறக்கேல்லை.

அருகன் | மார்ச் 14

நான் மாமிசம் உண்பதில்லை. வேட்டையை எதிர்ப்பவன். ஆனாலும் இந்த இழையை முழுவதும் படித்தேன், நீங்கள் மண்ணைப் பற்றிப் பேசும் அக்கறைக்காக. ஒரு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

பசிக்கிற காலத்தில் உணவு வைக்கிறீர்கள். பயமில்லாத இடம் அமைத்துக் கொடுக்கிறீர்கள். அது நம்பி வந்து தங்கும்போது அதே நிலத்தில் அம்பு விடுகிறீர்கள். இது நம்பிக்கைத் துரோகம் ஆகாதா? காட்டில் தேடிப்போய் வேட்டையாடியவனை என்னால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. அழைத்து வைத்துக் கொல்வதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. சண்டைக்காகக் கேட்கவில்லை.

நாண் | மார்ச் 14

நம்ம ஊரில் மான் வேட்டை 1972 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக நின்றது. அங்கே அது சரி, காடு சுருங்கிவிட்டது. இங்கே கணக்கே வேறு. 1900 வாக்கில் இந்த நாட்டில் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கும் கீழே போயிருந்தது, சந்தைக்காகக் கொன்று கொன்று. இன்றைக்கு ஏறக்குறைய மூன்று கோடி. அந்த மீட்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீது விதித்த வரி. எழுபதுகளில் அது வில் அம்புக்கும் வந்தது. என் வில்லைத் தயாரித்தவர் விற்ற விலையிலும் 11 சதவீதம் அதற்குத்தான் போனது.

அருகன் | மார்ச் 14

தகவலுக்கு நன்றி. ஆனால் வரி கட்டியது என் கேள்விக்குப் பதில் இல்லையே.

வித்துநிலா | மார்ச் 15

அருகன் ஐயா, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் வேட்டைக்குப் போகிறவள் அல்ல. நான் காட்டில் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் சில காடுகளில் பத்துக்குப் பத்து அடி கம்பி வேலி கட்டி வைத்திருக்கிறோம், மான் நுழையாமல். வேலிக்குள் ஓக் கன்றும் டிரில்லியம் பூவும் முழங்கால் உயரம். வேலிக்கு வெளியே வெறும் தரை. ஓநாய் தெற்கு விஸ்கான்சினில் பெரும்பாலும் இல்லை. பிணைமான், அதாவது பெண் மான், நல்ல தீனி கிடைத்தால் வருடம் இரண்டு மறி (குட்டி) போடும். யாரும் குறைக்காவிட்டால் காடு தன்னைத்தானே புதுப்பிக்க முடியாமல் போகும். கடும் பனிக்காலத்தில் மான்களே பட்டினி கிடக்கும்.

பக்கத்து சாக் கவுண்டியில்தான் காட்டுயிர்ப் பாதுகாப்பு அறிஞரும் எழுத்தாளருமான ஆல்டோ லியோபோல்டு 1935-ல் தேய்ந்துபோன ஒரு பண்ணையை வாங்கி, குடும்பத்தோடு பைன் மரம் நட்டார். அவர் தானே வில் செய்து வேட்டைக்குப் போனவர். விஸ்கான்சினில் 1934-ல் முதல் வில் வேட்டைக் காலம் திறந்ததும் சாக், கொலம்பியா கவுண்டிகளில்தான். நாற்பதுகளில் அவர் பிணைமானையும் குறைக்க வேண்டும் என்று சொன்னபோது மாநிலமே அவர்மேல் கோபப்பட்டது. மானை நேசித்தவர்தான் அதைச் சொன்னார்.

ஆனால் நீங்கள் துரோகம் என்று சொன்ன அந்த உறுத்தலை நான் மறுக்கவில்லை. அது இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

முகட்டுவீடு | மார்ச் 15

ஐயா, நான் வேட்டைக்காரன்தான். உங்க கேள்வியை நான் என்கிட்டயே கேட்டிருக்கேன். அதனால தீனிப் பாத்தி மேல நான் உட்கார்றதில்லை. படுக்கையிலயும் நுழையறதில்லை. அது சாப்பிடற இடமும் தூங்கற இடமும் அதுக்கே. நடுவுல இருக்கற தடத்துல மட்டும், காத்து சரியா இருக்கற அன்னைக்கு மட்டும் உட்காருவேன். வேட்டைக்கும் அதுதான் நல்லதுங்க. தீனி மேல ஒருதடவை அம்பு விட்டா மிச்ச மானெல்லாம் ராத்திரிக்கு மாறிரும். ஆனா நான் அந்தப் பழக்கத்துக்கு வந்தது அதுக்காக இல்லை.

கரிசல்காட்டான் | மார்ச் 16

அருகன் ஐயா, நேத்து ராத்திரி பூரா இதைப் பத்தி யோசிச்சேன். எனக்கு மாமிசம் உண்டு. கடையில பிளாஸ்டிக் தட்டுல வாங்குற இறைச்சிக்கு நான் ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. இதுக்குச் சொல்ல வேண்டியிருக்கு, அதனாலதான் இதைச் செய்யணும்னு தோணுது. உங்களுக்கு இது போதுமான பதிலான்னு தெரியல. அண்ணன் சொன்ன விதியை நானும் எடுத்துக்கிறேன். பெட்டிப் பரணை வாங்கல.

கரிசல்காட்டான் | ஜூன் 22

நடந்த வேலை: ஏக்கருக்கு ரெண்டு டன் கணக்குல சுண்ணாம்பு போட்டாச்சு. குளோவர் முளைச்சு கணுக்கால் உயரம். பதினெட்டு மேப்பிள் வெட்டினோம். மரம் வெட்டுற ஆள் ஒருத்தரைக் கூலிக்கு வச்சேன், அக்கா சொன்னதால. ஹிஞ்ச் கட் ரெண்டு இடம், கால் கால் ஏக்கர். வெளிச்சம் விழுந்த இடத்துல ராஸ்ப்பெரி முள் இடுப்பு உயரம் வந்திருச்சு, நம்பவே முடியல.

கிழக்குக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ஓக் மரத்தைப் பத்திக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவச்சார். போன் நம்பர் வாங்கிட்டேன். தேடி வரணும்னா எந்த நேரமும் கூப்பிடு, ஆனா கூப்பிடாம வராதேன்னார்.

உண்ணிதான் தொல்லை. ஒரே நாள்ல பதினாலு எடுத்தேன்.

வித்துநிலா | ஜூன் 22

பேன்ட்டுக்கும் காலுறைக்கும் பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள். உடம்பில் நேரடியாகப் பூசக் கூடாது. லைம் நோயை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நாண் | ஆகஸ்ட் 19

இப்போது என் முறை. 52 பவுண்டு, 430 கிரெயின், நல்ல சேர்க்கை. விஸ்கான்சினில் குறைந்தது 30 பவுண்டு, அம்பு அலகின் அகலம் குறைந்தது முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேல், 7/8 அங்குலம். இரண்டுமே உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

உங்கள் அம்பு நொடிக்கு 260 அடி போகும் என்று வையுங்கள். ஒலி 1,100 அடிக்கு மேல். 20 கெஜம் என்பது 60 அடி. நாண் சத்தம் மானுக்கு நொடியில் இருபதில் ஒரு பங்கில் கேட்டுவிடும், அம்பு போய்ச்சேர கால் நொடி. அந்த இடைவெளியில் பயந்த மான் உடம்பைத் தாழ்த்திப் பாயத் தயாராகும். அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது மோசமான இடத்தில் படும். தலையைத் தூக்கி விறைத்து நிற்கும் மான்மேல் விடாதீர்கள். 20 கெஜத்துக்கு மேல் இந்த வருடம் வேண்டாம்.

மான் பக்கவாட்டில், அல்லது கொஞ்சம் உங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்க வேண்டும். உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னால் போகும் வரை பொறுங்கள். நேர்முகமாக நின்றால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் வில்லை இறக்கிவிடுங்கள்.

விட்ட பிறகு அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரை இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். அடர் சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். பச்சையும் சாண வாடையும் என்றால் குடல். அப்போது மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். துரத்தினால் படுத்துச் சாக வேண்டியது எழுந்து ஒரு மைல் ஓடும், கிடைக்காமலே போகும்.

பரணில் ஏறும் முதல் அடியிலிருந்து இறங்கும் கடைசி அடி வரை உடல்வாரும் உயிர்க்கயிறும். வில் வேட்டையில் ஆட்கள் மோசமாக அடிபடுவது பெரும்பாலும் பரணிலிருந்து விழுந்துதான். (பரண் என்ற சொல்லை இங்கே எழுதும்போதெல்லாம் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனக் காவல் எனக்கு நினைவு வருகிறது. இதணம் என்றும் சொல்வார்கள். மூங்கிலுக்குப் பதில் அலுமினியம், மற்றபடி அதே வேலைதான்: உயரத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்பது.)

கரிசல்காட்டான் | செப்டம்பர் 30

பள்ளத்துக்குக் கிழக்கே ஒரு சிவப்பு ஓக்ல 16 அடி உயரத்துல பரண் கட்டியாச்சு. வடமேற்குக் காத்துல என் வாசனை படுக்கைக்குப் போகாம தென்கிழக்கே போகும். பொழுது சாயும்போது பள்ளம் வழியா இறங்கிடும். ஓடைத் தண்ணிக்குள்ளயே நடந்து, பள்ளத்துல ஏறிப் பரணுக்குப் போறேன்.

சீசன் திறந்து ரெண்டு வாரம் ஆச்சு. காத்து தெற்கா இருந்ததால ஒருநாளும் போகல. முகட்டுலேர்ந்து தூரக்கண்ணாடியில பாத்ததோட சரி. போகாம இருக்குறதுதான் இதுல கஷ்டமான வேலை.

இன்னொரு கேள்வி. சி.டபிள்யூ.டி. பத்தி வீட்டுல பயப்படுறாங்க. ஆறு வயசுக் குழந்தை இருக்கு.

முகட்டுவீடு | செப்டம்பர் 30

பயம் நியாயம்ங்க. விஸ்கான்சின்ல இது 2002-ல மவுன்ட் ஹோரெப் பக்கம் முதல்ல தெரிஞ்சது. உங்க இடத்துல இருந்து ரொம்ப தூரம் இல்லை. டேன், அயோவா கவுண்டிகள்ல சில இடத்துல வயசான கலைகள்ல மூணுல ஒண்ணுக்கும் மேல நோய் இருக்கு. இதுக்குக் காரணம் பிரியான்னு சொல்ற புரதம். வேகவெச்சாலும் அழியாது. மனுசனுக்கு இதுவரைக்கும் வந்ததா உறுதியாகலை. ஆனாலும் நோயிருக்கற மானைச் சாப்பிடாதீங்கன்னுதான் அரசு மருத்துவ அமைப்பே சொல்லுது. பார்த்தா நல்லா இருக்கற மானுக்கும் நோய் இருக்கும்.

மாநில இயற்கை வளத் துறை பரிசோதனை இலவசம். தலையோட அஞ்சு அங்குலக் கழுத்தையும் விட்டு வெட்டி, அவங்க வெச்சிருக்கற பெட்டியில போட்டுட்டா போதும். முடிவு வர்ற வரைக்கும் கறியைத் தனியாப் பேரெழுதி உறைய வைங்க. எலும்பு, முதுகுத்தண்டை அறுக்காம சதையை மட்டும் எடுங்க. மிச்சத்தைக் காட்டுல போடாதீங்க, முறையான குப்பைக்கிடங்குக்கு அனுப்புங்க.

நோய் வந்திருந்தா முழுக் கறியும் போயிரும். அது மனசைக் கஷ்டப்படுத்தும். அதுக்கும் தயாரா இருங்க.

கரிசல்காட்டான் | அக்டோபர் 27

நேத்து ஒரு பிணைமான்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினேன். வடமேற்குக் காத்து. அஞ்சு மணிக்கு மேல ஒரு சின்னக் கலை வந்துச்சு, ரெண்டே முனைக் கொம்பு, பரணுக்கு அடியில நின்னு ஓக் காய் மென்னுச்சு. மெல்லுற சத்தம் மேல கேட்டுச்சு. அம்பு விடாம அதைப் போக விட்டுட்டேன். அஞ்சு இருபதுக்கு ரெண்டு பிணை தடத்துல வந்துச்சு. பெருசு முன்னால. பதினெட்டு கெஜத்துல கொஞ்சம் திரும்பி நின்னு, முன்னங்காலை எடுத்து வச்சது. எப்போ நாணை இழுத்தேன்னு நினைவில்லை, விட்டது மட்டும் நினைவிருக்கு.

அம்புல இளஞ்சிவப்பு நுரை. பரண்லயே அரை மணி நேரம் இருந்தேன். கை நடுக்கம் நிக்கல. இறங்கித் தேடினேன், நூத்துப் பத்து கெஜம். ரத்தம் நேரா கிழக்கு வேலிக்குப் போச்சு. வேலியில நின்னு போன் பண்ணினேன். அவரே விளக்கு எடுத்துக்கிட்டு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நாப்பது கெஜத்துல, ஒரு விழுந்த மரத்துக்குப் பக்கத்துல கிடந்துச்சு. அவர் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னார். நானும் நின்னேன். அப்புறம் அதோட கழுத்துல கை வச்சேன். சூடு இருந்துச்சு.

இன்னைக்குப் பதிவு பண்ணியாச்சு. தலை பெட்டியில.

அருகன் | அக்டோபர் 27

கூட வந்த இன்னொன்று அதன் குட்டியா?

கரிசல்காட்டான் | அக்டோபர் 27

இல்லை ஐயா, அதுவும் வளர்ந்த மான்தான். ஆனா நானும் அதைத்தான் முதல்ல யோசிச்சேன்.

முகட்டுவீடு | அக்டோபர் 28

ஐயா, இங்க மறிகள் மே கடைசி, ஜூன்ல பிறக்கறது. அக்டோபர் கடைசியில பால் மறந்து, தானே மேய்ஞ்சு பிழைச்சுக்கும். கூட்டத்தோட சேந்துக்கும். அதைப் பாத்துத்தான் சீசனை வெச்சிருக்காங்க. தம்பி, சின்னக் கலையை விட்டீங்களே, அதுவும் நல்லது.

கரிசல்காட்டான் | நவம்பர் 13

முடிவு வந்திருச்சு: நோய் கண்டறியப்படவில்லை.

தொடைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அம்மா சொன்ன பக்குவத்துல வறுத்தோம். கொழுப்பே இல்லாத கறி, அதனால நல்லெண்ணெய் தாராளமா விட்டு, தணலைக் குறைச்சு மூடி வேகவைக்கணும். இல்லைன்னா ரப்பராகிடும். கிழக்குக்காரருக்கு முதுகுச்சதை ஒரு துண்டு கொண்டுபோய்க் குடுத்தேன்.

அப்பாவுக்கு வீடியோவுல வயலைக் காட்டினேன். ரை தானியம் பச்சைப்பசேல்னு நிக்குது, நடுவுல மூணு மான். "விரட்டாம நிக்கிறியே"ன்னார். பிறகு கொஞ்ச நேரம் கழிச்சு, "பயிர் நல்லா பிடிச்சிருக்கு"ன்னார்.

வன்னியான் | நவம்பர் 14

வாசிக்கச் சந்தோசமாக் கிடக்குது தம்பி. நான் அண்டைக்குச் செய்யாததை நீங்கள் செய்திட்டீங்கள்.

கரிசல்காட்டான் | பிப்ரவரி 20

சீசன் முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒதுக்கின 15 ஏக்கருக்குள்ள இன்னைக்குத்தான் போனேன், அக்டோபர்ல வேலி வரைக்கும் தேடிப் போன ராத்திரிக்குப் பிறகு முதல் தடவை. ஹிஞ்ச் கட் பண்ணின மேப்பிள்ல துளிர் ஒண்ணு விடாம கடிச்சிருக்கு. அந்த ரெண்டு கால் ஏக்கர்லயும் புழுக்கை. ஓக் கன்று நாலு கண்டுபிடிச்சேன், நாலையும் மான் நுனியில கடிச்சிருக்கு. அக்கா, கம்பிக் கூண்டு எவ்வளவு உயரம் வேணும்?

கிழக்குக்காரர் கூட நடந்தார். எண்பது வயசு நெருங்குது, ஒரு கையில தடி. எங்க எல்லையை ஒட்டின அவரோட எட்டு ஏக்கர்ல இந்த வருஷத்துலேர்ந்து யாரையும் விடப் போறதில்லைன்னு சொன்னார். மேப்பிள் வெட்ட ஆள் நம்பர் கேட்டு வாங்கிக்கிட்டார்.

ரெண்டு பேரும் சேர்ந்து படுக்கைகளை எண்ணினோம். போன வருஷம் ஏழு. இப்போ பதினொண்ணு, அதுல நாலு வேலிக்கு அந்தப் பக்கம்.